தையலக்காவின் வயிற்றெரிச்சல்

படங்களைத் தேர்ந்தெடுக்கக் கண்காட்சி அம்மா வருகிற நாளில் தையலக்கா எல்லோருக்கும் முன்னால் மாடிக்கு வந்துவிட்டாள். வந்ததும் வராததுமாக ஜன்னல்களைத் திறந்து, தரையைப் பெருக்கி, தன் துணிப்படங்களை ஒவ்வொன்றாக உதறி, இஸ்திரி போட்டு, வெளிச்சம் நன்றாக விழுகிற சுவரில் வரிசையாகத் தொங்கவிட்டாள். மற்றவர்களின் படங்களுக்கு எதிர்ச்சுவரை விட்டுவைத்தாள். அங்கே வெளிச்சம் சுமார்தான். தெரிந்தேதான் செய்தாள்.

மாடி என்று அவர்கள் சொல்வது சைக்கிள் கடைக்கு மேலே இருக்கும் நீளமான ஹாலை. மனநோயோடு காலம் தள்ளுகிறவர்கள் பகலில் கூடுகிற இடம் அது. டாக்டர் கிடையாது, நர்ஸ் கிடையாது. நோயில் விழுந்து எழுந்தவர்களே ஒருவருக்கொருவர் துணை. புதிதாக வருகிறவரோடு பழைய ஆள் ஒருவர் ஒட்டிக்கொள்வார்; காலையில் போன் செய்வார், மாலையில் கூட நடப்பார், ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். யாரும் யாருக்கும் புத்தி சொல்லக்கூடாது, கூட இருந்தால் போதும் என்பது அங்கே ஏற்பாடு.

இதையெல்லாம் கட்டி மேய்த்தவர் போஸ்ட்மேன். வேலையில் இருந்த காலத்தில் ஒருமுறை உற்சாகம் தலைக்கேறி, தெருவில் போவோர் வருவோரையெல்லாம் கூப்பிட்டுக் கப்பலில் வேலை வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்தவர். நல்லவேளையாக யாரும் பெட்டி படுக்கையைக் கட்டவில்லை. இப்போது மாத்திரையும் மூட்டுவலியுமாக அடங்கிவிட்டார். "நமக்கெல்லாம் மேல்மாடி காலின்னு ஊர்ல பேசிக்கிறாங்க. ஒருநாள் ஏறி வந்து பாக்கச் சொல்லு, உக்கார நாற்காலி கிடையாது" என்பது அவருடைய பழைய ஜோக். புதிதாக யார் வந்தாலும் சொல்லிவிடுவார்.

தையலக்காவுக்கு வந்தது வேறு மாதிரி நோய். பள்ளிச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் காலர் பிரிவில் இருந்தவள் அவள். ஒருநாள் காலையில் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. காய்ச்சல் இல்லை, எங்கும் வலி இல்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள், ஏறக்குறைய அந்த வருஷம் முழுக்க அப்படியே கிடந்தாள். அண்ணன் வீட்டின் பின்னறைச் சுவர் அது. ஓதம் ஏறிய இடம், சுண்ணாம்பு உதிர்ந்த இடம், ஆணி பிடுங்கிய ஓட்டை என்று அதன் ஒவ்வொரு அங்குலமும் அவளுக்கு மனப்பாடமானது. அண்ணி சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து வைப்பாள், தொடாமல் இருந்தால் எடுத்துக்கொண்டு போவாள்.

மாடிக்கு வர ஆரம்பித்த பிறகு வெட்டுத்துணிகளை வைத்து அவள் செய்ததெல்லாம் அந்தச் சுவரைத்தான். சாம்பல், வெளிர்நீலம், பழுப்பு என்று துண்டு துண்டாக அடுக்கி, பிசிறு வெளியே தெரியாமல் ஓரம் மடித்து, பொடித்தையலாகப் போடுவாள். தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் அழுக்குச் சுவர். கிட்டே போனால் வெகுநேரம் நகர முடியாது. மாடியில் யார் வந்தாலும் போஸ்ட்மேன் முதலில் அவளைத்தான் காட்டுவார்: "இவங்கதான் எங்க ஆர்ட்டிஸ்ட்." அந்த ஒரு வார்த்தையில் அவள் அன்றைய பொழுதை ஓட்டிவிடுவாள்.

கண்காட்சி அம்மா வந்தாள். நரைத்த கிராப்புத்தலை, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி, மெல்லிய குரல். பெரிய நகரமண்டபத்தில் ஒரு கண்காட்சி ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். தையலக்காவின் சுவர்களுக்கு எதிரே நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"ரொம்ப நேர்த்தியா இருக்கு. முறையா கத்துக்கிட்டீங்களா?"

"யூனிஃபார்ம் தைச்சேன். காலர் செக்ஷன்."

"அதான பாத்தேன். கை நல்லா பழகியிருக்கு."

சிரித்துவிட்டு நகர்ந்தாள். பாராட்டு என்றுதான் தையலக்கா முதலில் நினைத்தாள். அந்த அம்மா எதிர்ச்சுவருக்குப் போய், அங்கே குண்டூசி குத்தியிருந்த காலண்டர் தாள்களைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள், கடைசியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

"இது யாரு செஞ்சது?"

தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் நின்றிருந்த லிஃப்ட் தம்பியை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவனை மாடிக்குப் பழக்கியதே தையலக்காதான். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவனாக இருந்தவன். காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்து, வேலை போய், ஆஸ்பத்திரி போய், அவன் அம்மா கூட்டிவந்து விட்டபோது வாயைத் திறக்காமல் மூலையில் உட்கார்ந்திருந்தான். தையலக்கா துணையாகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேச்சுக் கொடுக்கவில்லை, தன்பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருந்தாள். பல நாள் அப்படியே போயிற்று. ஒருநாள், கை சும்மா இருக்கக் கூடாதே என்று, கிழித்துப்போட்ட காலண்டர் தாளையும் நீலப் பால்பாயின்ட் பேனாவையும் அவன் மடியில் வைத்தாள். அவன் அன்று ஒரு கப்பி வரைந்தான். அடுத்த நாள் அதில் ஓடும் கம்பிவடம். பிறகு மேலும் கீழும் முடிவில்லாமல் போகும் சுரங்கம் போன்ற கூண்டுப்பாதைகள், அவற்றில் தொங்கும் கூண்டுகள், கூண்டுக்குள் நெருக்கியடித்து நிற்கும் முகமில்லாத ஜனங்கள். தாள் போதாமல் இன்னொரு தாளை ஒட்டினான். அப்போதெல்லாம் தையலக்காவுக்குப் பெருமைதான். "எங்க தம்பி என்னமா வரையறான் பாருங்க" என்று அவளே கூப்பிட்டுக் காட்டுவாள். தான் ஒருத்தி இருக்க, அவன் படத்துக்கு முன்னால் யாரும் தரையில் உட்காராத வரைக்கும் பெருமைக்கு ஒன்றும் குறைவில்லை.

கண்காட்சி அம்மா போன பிறகு போஸ்ட்மேன் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார்.

"அவன் படம் எல்லாத்தையும் எடுத்துக்கறாங்களாம். உன்னோடது... அது வந்து, எங்கயும் கத்துக்காம, தானா வந்த கலைதான் அவங்களுக்கு வேணுமாம். உன்னோடது கத்துக்கிட்ட கை மாதிரி தெரியுதாம்."

"காலர் தைக்கத்தான் கத்துக்கிட்டேன். சுவர் செய்ய எந்தப் பள்ளிக்கூடத்துல சொல்லித் தர்றாங்க?"

போஸ்ட்மேன் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

அன்றைக்குப் பற்றிக்கொண்டது எரிச்சல். வீட்டில் அண்ணி, "என்ன, மூஞ்சி இப்படிச் சுண்டிப்போயிருக்கு?" என்று கேட்டாள். தலைவலி என்றாள். பாத்திரம் தேய்க்கும்போது, நேர்த்தி, நேர்த்தி என்று அந்த வார்த்தையை மென்றுகொண்டே இருந்தாள். பிசிறு விட்டிருந்தால் எடுத்துக்கொண்டு போயிருப்பாளா? தன் தாறுமாறான நாட்களையெல்லாம் ஓரம் மடித்துத் தைத்ததா குற்றம்?

மறுவாரம் முதல் கண்காட்சி அம்மா ரெக்கார்டரும் கையுமாக அடிக்கடி வந்தாள். லிஃப்ட் தம்பியை ஜன்னலோரம் உட்காரவைத்துப் பேட்டி எடுத்தாள். தையலக்கா பக்கத்து மேஜையில் பாபினில் நூல் சுற்றுவதுபோலக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள்.

"அந்தக் குரல்கள்தான் என்ன வரையணும்னு சொல்லுதா?"

"இல்லீங்க. அது என்னை நாயேன்னு திட்டும். செத்துப்போன்னு சொல்லும். வரையும்போது கொஞ்சம் கேக்காது."

"ஆனா அந்த இருட்டிலேருந்துதானே இவ்வளவும் வருது, இல்லையா?"

லிஃப்ட் தம்பி யோசித்தான். "லிஃப்ட் குழிக்குள்ள இருட்டாத்தான் இருக்கும்" என்றான்.

அந்த அம்மா அதையும் தலையாட்டி ரசித்தாள். தையலக்காவுக்கு வயிறு காந்தியது. படம்தான் அப்படி என்றால், அவனுக்கு வந்த நோய்கூடத் தன் நோயைவிட எடுப்பானது என்று தோன்றியது. குரல், இருட்டு, துரத்தல் என்று சொல்ல ஆயிரம் இருக்கிறது. தன்னைக் கேட்டால் என்ன சொல்வது? படுத்திருந்தேன். அப்புறம்? அப்புறமும் படுத்திருந்தேன். இதை ரெக்கார்ட் பண்ண யார் வருவார்கள்? நோயில்கூட அவனுக்குத்தான் அதிர்ஷ்டம் என்று நினைத்துவிட்டு, அப்படி நினைத்ததற்காகத் தன்னையே அருவருத்தாள். அருவருப்பு வந்ததே தவிர, எரிச்சல் அடங்கினபாடில்லை.

காலை போன்கள் சுருங்கின. முன்பெல்லாம் எழுந்தியா, பல்தேய்ச்சியா, நேத்து குரல் எப்படி இருந்துச்சு என்று வளர்ந்துகொண்டே போகும் பேச்சு, "ம்", "சரி", "வெக்கறேன்" என்று முடிந்தது. மாலை நடைக்கு ஏதாவது ஒரு வேலை குறுக்கே வந்தது. வேலை வராத நாளில் வரவழைத்துக்கொண்டாள். மாடியில் எல்லோரும் அவனைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். அவன் அப்படியொன்றும் தலைகால் புரியாமல் ஆடவில்லை. அதுவும் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. கொஞ்சம் கர்வப்பட்டாலாவது மனதாரத் திட்டலாம்.

இதற்கிடையில் டாக்டர் அவனுக்கு மாத்திரையைக் கூட்டியிருந்தார். குரல்கள் தணிந்தன, கை நடுங்க ஆரம்பித்தது. கண்காட்சி அம்மாவோ மண்டபத்தின் நடுச்சுவருக்கு ஆள் உயரத்தில் புதிதாக ஒரு படம் வேண்டும் என்றாள். ஒருநாள் மாடிப்படியில் அவன் தையலக்காவை நிறுத்தினான்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். கோடு நேரா வரமாட்டேங்குது. மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பாக்கட்டுமா? படம் முடியற வரைக்கும்தான்."

தையலக்காவுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று நன்றாகத் தெரியும். வா, டாக்டர்கிட்ட போய்க் கேப்போம், நானும் வரேன். இதே வார்த்தைகளை அவனுக்கே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். அவளும் ஒருமுறை மாத்திரையை நிறுத்திவிட்டுச் சுவருக்குத் திரும்பிப் போனவள்தான். வாய்வரைக்கும் வந்தது. அவன் கையில் சுருட்டி வைத்திருந்த பெரிய வெள்ளைத் தாளைப் பார்த்தாள். அதுவரை அவன் காலண்டரின் பின்பக்கத்தில் வரைந்தவன். இது கண்காட்சி அம்மா வாங்கிக் கொடுத்த தாள்.

"உன் இஷ்டம்" என்றாள்.

"நீங்க என்ன நினைக்கறீங்க?"

"இங்க யாரும் யாருக்கும் புத்தி சொல்றதில்லயே. உன் உடம்பு, உன் முடிவு."

மாடியின் ஏற்பாட்டில் ஒரு எழுத்துப் பிசகாத பதில். அதைச் சொல்லிக் கைகழுவிவிட்டு, விறுவிறுவென்று இறங்கிப் போனாள்.

அவன் நிறுத்தினான். கை நடுக்கம் குறைந்தது. பெரிய தாளில் வேலை மளமளவென்று நடந்தது. தையலக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவன் சட்டையை உள்வெளியாகப் போட்டு வந்ததைப் பார்த்தாள். யாரும் கூப்பிடாமலே "வரேன், வரேன்" என்றதைக் கேட்டாள். போனில் அவன் சட்டென்று பேச்சை நிறுத்தி வேறெதற்கோ காதுகொடுப்பது புரிந்தது. "தம்பி எப்படி இருக்கான், பேசுறியா?" என்று போஸ்ட்மேன் விசாரித்தபோது, "பேசினேன், நல்லாத்தான் இருக்கான்" என்றாள். கண்டும் காணாமல் இருப்பது இவ்வளவு சுலபமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஒரு முற்பகலில் போஸ்ட்மேனுக்குப் போன் வந்தது. லிஃப்ட் தம்பி முன்பு ரிப்பேர் பார்த்துவந்த ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் காவலாளி பேசினான். தம்பி காலையில் வந்தான், பழைய பழக்கத்தில் உள்ளே விட்டேன், மொட்டைமாடி மோட்டார் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான், லிஃப்ட் பாதியில் நிற்கிறது, நல்லவேளை உள்ளே யாரும் இல்லை, குடியிருப்பவர்கள் போலீஸைக் கூப்பிடப் போகிறார்கள், சீக்கிரம் வாங்க.

போஸ்ட்மேனும் தையலக்காவும் ஆட்டோ பிடித்துப் போனார்கள். கீழே வாசலில் காய்கறிப் பையோடும் ஆபீஸ் பையோடும் ஒரு கூட்டம். கையில் கட்டுப்போட்ட ஒருவர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். போஸ்ட்மேன் நிமிர்ந்து கட்டடத்தைப் பார்த்தார், நின்றுபோன லிஃப்டைப் பார்த்தார், தன் முழங்காலைப் பார்த்தார்.

"நீ ஏறு. இவங்களை நான் பேசிப் பிடிச்சு வெக்கறேன். கப்பல்ல வேலை வாங்கித் தர்றேன்னு ஊரையே நம்ப வெச்சவன் நான்."

தையலக்கா ஏறினாள். ஒவ்வொரு தளத்திலும் யாராவது கதவைத் திறந்து, "எப்ப சரியாகும்?" என்று அவளைக் கேட்டார்கள். லிஃப்ட் கம்பெனி ஆள் என்று நினைத்துக்கொண்டார்கள். மூச்சிரைக்க, "பாக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறினாள். பாதியில் நின்ற கூண்டுக்குள் வழியில் எட்டிப் பார்த்தாள்; யாரும் இல்லை. மொட்டைமாடியில் வெயில் கொளுத்தியது. துணி காயும் கொடிகளுக்கு அப்பால் இரும்புக் கதவு போட்ட சின்ன அறை. கதவைத் தட்டினாள்.

"தம்பி. நான்தான், தையல்."

உள்ளிருந்து மெதுவாக அவன் குரல் வந்தது. "அக்காவா, அக்கா மாதிரிப் பேசறதா?"

"அக்காதான்."

"அதுவும் அப்படித்தான் சொல்லும். நேத்தும் அக்கா குரல்லயே பேசுச்சு."

"என்ன சொல்லுச்சு?"

"உன்னைக் கண்டாலே எனக்கு எரியுதுடான்னு சொல்லுச்சு."

தையலக்கா சூடான சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். இந்த இடத்தில் என்ன சொல்வது என்றும் அவளுக்குத் தெரியும். அது நோய் பேசுது தம்பி, நம்பாதே. மாடியில் எல்லோரும் எல்லோருக்கும் சொல்வது. சொன்னால் தனக்கும் நல்லது. ஒரு சுவடு மிச்சமில்லாமல் மூடிவிடலாம். ஆனால் உள்ளே இருப்பவனுக்கு, தன் காதையும் கண்ணையும் நம்ப இன்னும் ஒரு காரணம் குறைந்துபோகும்.

"நேத்து அப்படிப் பேசினது நான் இல்ல" என்றாள். "ஆனா அது சொன்ன விஷயம் நிஜம்தான்."

"எது?"

"எரியுதுன்னது. கண்காட்சி அம்மா உன் படத்துக்கு முன்னாடி கீழ உக்காந்தாங்க பாரு, அன்னிலேருந்து."

உள்ளே ஏதோ இரும்பு நகர்ந்தது. "போன்ல ம், ம்னு மட்டும் சொன்னீங்க."

"ஆமா."

"நடக்க வரமாட்டேன்னீங்க. நான்தான் தப்பா நினைக்கறேன், நோய்தான் அப்படி நினைக்க வெக்குதுன்னு இருந்தேன்."

"நீ நினைச்சது சரி. நோய் இல்ல, நான்தான். மாத்திரையைப் பத்திக் கேட்டப்ப உன் இஷ்டம்னேனே, அதுவும் எரிச்சல்ல சொன்னதுதான்."



"நான் விழணும்னு நினைச்சீங்களா?"

பொய் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது. தையலக்கா கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள்.

"கொஞ்சம் சறுக்கணும்னு நினைச்சேன். இவ்வளவு தூரம் இல்ல."

தான் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டதாக அவளுக்குப் பட்டது. படிக்கட்டில் சிலர் ஏறிவரும் காலடி கேட்டது. படிக்கட்டின் அடியிலிருந்து எழுந்த போஸ்ட்மேனின் குரல் அவர்களை இழுத்துப் பிடித்துப் பேச்சில் நிறுத்தியது.

"மத்ததெல்லாம்கூட நிஜமா அக்கா?" என்றான் அவன்.

"மத்தது என்ன சொல்லுது?"

"வடம் அறுந்துடும்னு. ஏறினவங்க எல்லாரும் செத்துடுவாங்கன்னு. நான் பிரேக்கைப் பிடிச்சிட்டே இருக்கணும்னு. விட்டா போச்சு."

"அது பொய்."

"எப்படித் தெரியும்? உங்களுக்கு லிஃப்ட் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. கூண்டுல யாரும் இல்ல, ஏறி வரும்போது எட்டிப் பாத்தேன். எல்லாரும் கீழ நின்னு உன்னைத் திட்டிட்டிருக்காங்க. எனக்கு எரியுதுன்னு சொல்லிட்டேன், தம்பி. அதைச் சொன்ன வாய் இதுல எதுக்குப் பொய் சொல்லணும்?"

அவன் அதை எடைபோடுவது கதவுக்கு வெளியிலேயே தெரிந்தது. பிறகு தாழ் விலகியது. உள்ளே கிரீஸ் வாடையும் அனலுமாக இருந்தது. அவன் ஒரு கையால் தாழை விலக்கிவிட்டு, இன்னொரு கையால் இன்னமும் பிரேக் நெம்புகோலைப் பிடித்திருந்தான். விரல்கள் சிவந்து வீங்கியிருந்தன. தையலக்கா அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கடைசி விரலைப் பிரிக்கும்போது இருவரும் மோட்டாரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒன்றும் அறுந்து விழவில்லை. அவன் குழந்தைபோல உடம்பு குலுங்க அழுதான்.

"வா, இறங்கலாம். லிஃப்ட் இல்ல, படியிலதான் போகணும்."

ஆஸ்பத்திரியில் அவன் சில வாரங்கள் இருந்தான். தையலக்கா தினமும் போனாள். டாக்டர் வேறு மாத்திரைக்கு மாற்றினார்; நடுக்கம் முழுதாகப் போகவில்லை, குரல்கள் தூரத்துக்குப் போயின. அவன் திரும்பி வந்ததும் போஸ்ட்மேன் இருவரையும் உட்காரவைத்துக் கேட்டார்.

"நடந்ததையெல்லாம் இவ என்கிட்ட சொல்லிட்டா. துணையை மாத்திடலாமா, தம்பி? நானே வேணும்னாலும் வரேன்."

லிஃப்ட் தம்பி தலையைச் சொறிந்தான். "வேற யாரு வந்தாலும் உள்ளுக்குள்ள என்ன நினைக்கறாங்கன்னு நான் யோசிச்சிட்டே இருக்கணும். அக்கா நினைக்கறது எனக்குத் தெரியும்."

"அது போயிடுச்சுன்னு நினைக்காத" என்றாள் தையலக்கா.

"தெரியும்."

கண்காட்சி நடந்தது. ஆளுயரப் படம் பாதியிலேயே நின்றிருந்தது. அதை அப்படியே நடுச்சுவரில் மாட்டியிருந்தார்கள். பாதியில் நின்றதால்தான் இன்னும் பிரமாதம் என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டார்கள். நல்ல துணி உடுத்திய ஜனங்கள் கையில் கோப்பையோடு அதன் முன் கூடிக்கூடி நின்றார்கள். மண்டபத்து விளக்குகள் மஞ்சளாக, இதமாக, ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாக விழுந்தன. இந்த வெளிச்சத்தில் தன் சுவர்கள் எப்படி இருக்கும் என்று தையலக்கா கற்பனை செய்து பார்த்தாள். அந்த ஓதத்தின் மூன்று சாம்பல் நிறங்கள் இங்கே எப்படிப் பிரிந்து தெரியும்.

படத்துக்கு அருகே ஒட்டியிருந்த அட்டையில், கேட்காத குரல்கள் நடத்திச் சென்ற கை என்று எழுதியிருந்தது. லிஃப்ட் தம்பி அதை இரண்டு முறை படித்தான். கண்காட்சி அம்மா அவனை இரண்டு வார்த்தை பேசச் சொன்னபோது மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"அட்டைல போட்டிருக்கறது சரியில்லீங்க. வரையச் சொல்லி எந்தக் குரலும் சொல்லல. எனக்குப் பேனா குடுத்தது எங்க மாடி அக்கா. அதோ நிக்கறாங்க. அவங்க இல்லேன்னா நான் இல்ல."

மண்டபமே திரும்பியது. கைத்தட்டல் எழுந்தது. கண்காட்சி அம்மா ஓடிவந்து தையலக்காவின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "எவ்வளவு நல்ல மனசு உங்களுக்கு" என்றாள், கண் கலங்க. பக்கத்திலிருந்தவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். யாரோ ஒருவர் அவளை மட்டும் தனியாக நிற்கவைத்துப் படம் எடுத்தார். தையலக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். வாழ்க்கையில் அவளுக்குக் கிடைத்த முதல் கைத்தட்டல். கிடைத்ததோ வேண்டாத காரணத்துக்கு.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் முகத்தில் களைப்பும் சந்தோஷமும். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, கோபமா?"

"நல்ல மனசாம். கேட்டியா?"

"நான் நல்லதுன்னுதான் சொன்னேன்."

"தெரியுது. அதனாலதான் அங்க ஒண்ணும் சொல்லல. இனிமே எங்கயாவது என்னைப் பத்திப் பேசினா, பேனா குடுத்தவங்க, துணையா இருந்தவங்கன்னு சொல்லாத."

"பின்ன எப்படிச் சொல்லணும்?"

"துணியில சுவர் செய்யறவங்கன்னு சொல்லு. அதை மொதல்ல சொல்லு. மத்ததை நேரம் இருந்தா சொல்லிக்கலாம்."

அவன் தலையாட்டினான். பஸ் ஒரு திருப்பத்தில் சாய்ந்தது. நடுங்கும் கையால் முன்னிருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"உங்க சுவர்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த ஆணி ஓட்டைதான்" என்றான் சற்றுப் பொறுத்து. "அதைப் பாத்தா எனக்கும் எரியும். அவ்வளவு சின்னதா என்னால செய்ய முடியாது."

தையலக்கா சட்டென்று திரும்பி அவனைப் பார்த்தாள். ஆறுதலுக்குச் சொல்கிறானா என்று அவன் முகத்தைத் துருவினாள். அவன் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நிஜமாவா?"

"ஆமா. ரொம்ப இல்ல. கொஞ்சம்."

"எவ்வளவு கொஞ்சம்?" என்று கேட்டாள் அவள். அவன் இறங்க வேண்டிய நிறுத்தம் வரும்வரைக்கும் அதையே விடாமல் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டு வந்தாள்.